தாய்க்கு மருந்து, பிள்ளைக்குப் பட்டினியா?

நம்பிக்கை: பால் கொடுக்கும் தாய் மாத்திரை சாப்பிட்டால், அது முடியும்வரை தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும்.

உண்மை: பெரும்பாலான மருந்துகளுக்கு அப்படி நிறுத்தத் தேவையில்லை. ஏறக்குறைய எல்லா மருந்தும் பாலில் கலக்கத்தான் செய்யும். எவ்வளவு கலக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். விழுங்கிய மருந்து தாயின் இரத்தத்தில் பரவிய பிறகு, அதில் ஒரு சிறு பகுதியே பாலுக்கு வருகிறது. உடல் எடைக் கணக்கில், தாய் எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் குழந்தைக்குப் போகும் மருந்தைப் பொதுவாக ஏற்கத்தக்கது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், அமாக்ஸிசிலின் எல்லாம் இந்த எல்லைக்குள் வருபவை. இன்சுலின் பாலில் கலந்தாலும் குழந்தையின் குடலில் செரித்துவிடும்.

அப்படியானால் மருந்தோடு வரும் தாளில் ‘பாலூட்டும் தாய்மார் தவிர்க்கவும்’ என்று ஏன் போடுகிறார்கள்? புதிய மருந்தைச் சோதிக்கும்போது பாலூட்டும் பெண்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. விவரம் கையில் இல்லாததால் நிறுவனம் எச்சரிக்கை எழுதிவிடுகிறது. தீங்கு நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ‘நாலு நாள் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?’ என்றும் கேட்பார்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையத் தொடங்கும். சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பாலை நிறுத்த மனமில்லாமல் மருந்தை விட்டுவிடும் தாய்க்கோ நோய் முற்றும். காசநோய்க்கு மருந்து சாப்பிடும் தாயும் பால் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதனால் எதையும் கேட்காமல் விழுங்கலாம் என்றாகாது. கதிரியக்க அயோடினுக்கும் பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளுக்கும் பாலை நிறுத்தத்தான் வேண்டும். கோடீன், டிரமடால் இரண்டையும் பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. சிலருடைய கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அது பால் வழியே போனால் குழந்தையின் மூச்சு தளர்ந்துவிடலாம். சில இருமல் சிரப்புகளில் கோடீன் இருப்பதால், கடையில் நாமாக வாங்கிக் குடிப்பது ஆபத்து. நாட்டு மருந்துக்கும் விலக்கில்லை. அதுவும் இரத்தம் வழியேதான் பாலுக்கு வருகிறது. குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும் கல்லீரலும் சிறுநீரகமும் முதிர்ந்திருக்காது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது, பால் கொடுப்பதையும் குழந்தையின் வயதையும் முதலிலேயே சொல்லுங்கள். பாலை நிறுத்தச் சொன்னால், மாற்று மருந்து உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் உள்ள ‘லாக்ட்மெட்’ தரவுத்தளத்தில் மருந்துவாரியான விவரம் இலவசமாகக் கிடைப்பதால், மருத்துவர் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம். சில நாள் நிறுத்தியே ஆக வேண்டியிருந்தால், குழந்தை குடிக்கும் வேளைகளில் பாலைப் பீய்ச்சி எடுத்துவாருங்கள். சுரப்பு வற்றாமல் இருக்கும், பிறகு மறுபடியும் பாலூட்டலாம்.