சாரணன் ஏறும் படிகள்

சாரணச் சிறுவனின் சட்டைக் கையிலே தைக்கப்பட்டிருக்கும் சிறு சின்னங்களைக் காணும் பெற்றோர் சிலர், அவை அழகுக்காக அணியப்படுவன என்று எண்ணுவர். வேறு சிலரோ, "இவற்றுக்குப் பரீட்சையிற் புள்ளி உண்டா?" என வினவுவர். இவ்விரு சாராருக்கும், சாரணர் அணியிற் சேர விழையும் தம்பிமார்க்கும் அச்சின்னங்களின் பொருளை விளக்குதலே எமது நோக்கமாகும்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவிலே சுமார் இருபது சிறுவரைக் கொண்டு பேடன் பவல் நடாத்திய பாசறையே சாரணீயத்தின் வித்தாகும். 1912இல் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பார் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் அவ்வித்தை இலங்கையில் ஊன்றினார். பேடன் பவலும் 1921, 1934 ஆகிய ஆண்டுகளில் இத்தீவுக்கு வந்து சென்றார்.

பழைய ஏற்பாட்டின்படி சாரணனுக்குப் படிகள் மூன்று. புதுச் சாரணன் விதிகளையும் வாக்குறுதியையும் வணக்க முறையையும் சில முடிச்சுக்களையும் அறிதல் வேண்டும். இரண்டாம் வகுப்பை அடைய விரும்புவோன், நடையும் ஓட்டமும் மாறிமாறி அமைந்த சாரண நடையில் ஒரு மைலைப் பன்னிரண்டு நிமிடத்திற் கடத்தல் வேண்டும். ஒரு நிமிடம் பார்த்த இருபத்துநான்கு பொருள்களிற் பதினாறையேனும் நினைவிலிருந்து கூறல் வேண்டும். இரண்டு தீக்குச்சிகளுக்கு மேற்படாமல் அடுப்பு மூட்டிச் சமைத்தலும் வேண்டும். முதலாம் வகுப்புக்கு நீச்சல், முதலுதவி, நெடும் பயணம், உயர மதிப்பீடு முதலியன உள.

உயர மதிப்பீட்டுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு தென்னை நிற்கின்றது. ஐந்தடிக் கோலொன்றை வெயிலில் நிமிர்த்தி நட்டால், அதன் நிழல் நான்கடி எனக் கொள்வோம். அதே வேளையில் தென்னையின் நிழல் நாற்பதடியாயின், மரத்தின் உயரம் ஐம்பதடி. வகுப்பறையிற் கேட்ட விகிதக் கணக்கு இங்கே கண்முன் உயிர் பெறுகின்றது.

இப்படிகளுடன், சமையல், நீச்சல், முதலுதவி போன்ற ஒவ்வொரு துறைக்கும் தனித்தனித் தேர்ச்சிச் சின்னங்களும் உண்டு. அவற்றை வழங்கும்போது, சிறுவன் எய்திய திறமையின் அளவை மட்டுமன்றி, அவன் எடுத்த முயற்சியையே முதன்மையாக நோக்கல் வேண்டும் என்பது பேடன் பவலின் கொள்கை. ஆயினும், முயற்சியின்றிச் சின்னம் இல்லை.

இதனை நாம் அனுபவத்தால் அறிந்தோம். மழை ஓய்ந்த ஒரு மாலையில் எமக்குத் தீமூட்டும் சோதனை நடந்தது. முதற் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதை ஈர விறகு விழுங்கிற்று. "அடுத்த மாதம் வாரும், தம்பி" என்று மட்டுமே சாரணாசிரியர் கூறினார். அன்று அவர்மீது எமக்குண்டான கோபம் சிறிதன்று. மறுநாள் எமது அணித் தலைவர் எம்மைத் தென்னந்தோப்புக்கு அழைத்துச் சென்றார். பன்னாடையையும் தும்பையும் உலர்ந்த இடத்திற் சேமித்தல், விறகைப் பிளந்து ஈரமற்ற உட்பகுதியைச் சிராய்களாகச் சீவுதல், நிலத்து ஈரம் ஏறாவண்ணம் அடியிலே தடிகளை அடுக்குதல், காற்றுக்கு முதுகு காட்டி அமர்தல் ஆகியவற்றைப் பொறுமையுடன் பழக்கினார். அடுத்த மாதம் ஒரே குச்சியில் அடுப்பு எரிந்தது. முதல் நாளிலேயே இரக்கங்கொண்டு சின்னத்தைத் தந்திருந்தால், எம்மிடம் சின்னம் இருந்திருக்கும்; தீ இருந்திராது.

முதலாம் வகுப்புக்கு மற்றொரு நிபந்தனையும் இருந்தது. சாரணன் தானே பயிற்றிய புதியவன் ஒருவனைக் கொணர்ந்து நிறுத்தல் வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு சிறுவன் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டான். காயக் கட்டுக்குரிய தட்டையான முடிச்சை நாம் விரைந்து கட்டிக் காட்டினோம், அவனுக்கு விளங்கவில்லை. மும்முறை தவறியபின், "எனக்கு இது வராது, அண்ணா" என்று கயிற்றை வைத்துவிட்டு எழுந்தான். அப்போதுதான், கைப்பழக்கமாகக் கட்டிய முடிச்சின் முறையை நாமே சொல்ல அறியோம் என்பது புலனாயிற்று. வல நுனியை இட நுனியின் மேலிட்டு முடிந்து, பின்பு இப்போது இடப்புறம் வந்துள்ள நுனியை வலப்புற நுனியின் மேலிட்டு முடிதல் வேண்டும் என்று எமக்கே நாம் முதலிற் சொல்லிக்கொண்டோம். அவனும் கற்றான், நாமும் கற்றோம். பிறனொருவனை ஏற்றிவிடாதவன் மேற்படியை அடைந்தவனாகான் என்பதே இந்நிபந்தனையின் உட்பொருள்.

காலத்துக்கேற்பப் படிகளின் பெயர்கள் மாறின. மன்னர் சாரணர், அரசியார் சாரணர் என வழங்கிய உச்ச நிலை, நாடு 1972இற் குடியரசானபின் ஜனாதிபதி சாரணர் விருதாயிற்று. மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது ஆகியவற்றைக் கடந்தே இன்று அதனை எய்துவர். பெயர் எதுவாயினும் ஏறும் முறை ஒன்றே.

பழைய மாணவர்களாகிய அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, கல்லூரிச் சாரணர்க்கு ஒரு துறையைப் பயிற்றுங்கள். தேறாதவனை அன்புடன் திருப்பி அனுப்புங்கள். ஆனால் மறுநாள் அவனைத் தோப்புக்கு அழைத்துச் செல்லவும் மறவாதீர்கள்.