நினைத்தால் கை அசையுமா?

கேள்வி: பக்கவாதத்தில் முடங்கிய கையை அசைப்பதாகக் கற்பனை செய்தே மூளையைப் பழக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. வலது கையை மூடித் திறப்பதாக நினைத்தாலே இடப்பக்க மூளையின் இயக்கப் பகுதி விழித்துக்கொள்ளும். கை சும்மா இருக்கையில் அங்கே நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ‘மியூ’ அலை, அசைவை நினைத்ததும் அடங்கும். ஆஸ்திரியாவில், கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் குழு இதை விரிவாக ஆராய்ந்தது.

கற்பனை சரியாக நடக்கிறதா என்று நினைப்பவருக்கே தெரியாது. அதற்குத்தான் நியூரோஃபீட்பேக். தலையில் மூளை அலைகளைப் பதியும் ஈஈஜி மின்முனைகளைப் பொருத்தி, அலை அடங்கும்போதெல்லாம் திரையில் ஒரு பட்டை உயரும்படி செய்வார்கள். கண்ணாடி பார்த்து அபிநயம் பழகுவது போலத்தான். கை அசைவதை மனக்கண்ணால் பார்ப்பதைவிட, தசை இறுகுவதை உள்ளுக்குள் உணர்வது கூடுதல் பலன் தரும்.

ஜெர்மனியின் டூபிங்கனில் 32 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் கையை அசைக்க முயன்று அலை அடங்கியபோது கருவி அவர்கள் கையை அசைத்தது. மற்றவர்களுக்கு அலையோடு தொடர்பில்லாமல் அசைத்தது. முதல் பிரிவினரே கூடுதலாகத் தேறினார்கள். ஆனாலும் முன்னேற்றம் சிறியது. இரு பிரிவினருக்கும் பிசியோதெரபியும் சேர்ந்தே நடந்தது.

எல்லோருக்கும் இந்தப் பயிற்சி கைகூடுவதில்லை. எனவே பிசியோதெரபியை நிறுத்திவிட்டு இதற்குப் போக வேண்டாம். அதோடு சேர்த்துச் செய்யலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.