கழல மறுக்கும் கிராங்க்

அன்புள்ள தம்பி,

பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் கேட்கிறதென்றால், அனுபவமுள்ள சைக்கிள் மெக்கானிக் முதலில் ஆட்டிப் பார்ப்பது கிராங்கைத்தான். ஒரு பக்கக் கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மேலும் கீழும் அழுத்துவார். அது மட்டும் தனியாக ஆடினால் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் கோளாறு உள்ளே, பால்ரஸ் பக்கம்.

ஹெர்குலஸ், ஹீரோ, அட்லஸ் என்று நம் தெருக்களில் காலங்காலமாக ஓடிய கறுப்பு சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிணைப்பது ஏறத்தாழ 9.5 மி.மீ. பருமனுள்ள அந்த இரும்புப் பின்தான். அதன் ஒரு முகம் சரிவாக இருக்கும். அச்சில் வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் அந்தச் சரிவு போய் அழுந்தி உட்காரும். கதவு அசையாமலிருக்கச் செருகும் ஆப்பு போலத்தான். அடித்து இறக்கிய பின் திரும்பி வராமல் பிடித்துக்கொள்வதே நட்டின் வேலை. நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுத்துவிடலாம் என்று பார்ப்பவர்கள் மரையை அறுத்துவிடுகிறார்கள்.

அதனால் நட்டைக் கழற்றினால் மட்டும் கிராங்க் கையோடு வந்துவிடாது. மழைநீர் இறங்கித் துருப் பிடித்த பின்னுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டுவிட வேண்டும். டபிள்யூ.டி.-40 இருந்தால் அது. இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து, பின்னின் இரண்டு முனைகளிலும் சொட்டு சொட்டாக. எண்ணெய் இடுக்கில் இறங்க நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அப்போதே சுத்தியலை எடுப்பதில்தான் பாதிப் பின்கள் பாழாகின்றன.

காலையில் சைக்கிளைச் சிமென்ட் தரையில் நிறுத்து. மரையுள்ள முனை மேலே பார்க்கும்படி கிராங்கைத் திருப்பி வை. இனி வருவதுதான் முக்கியமான வேலை. அரை அங்குல ஜி.ஐ. குழாயில் ஒரு துண்டு எடுத்து, தரைக்கும் கிராங்குக்கும் நடுவே செங்குத்தாக முட்டுக் கொடு. பின்னின் தலை குழாயின் வாய்க்குள் இருக்க வேண்டும். குழாயின் விளிம்பு கிராங்கைத் தாங்க வேண்டும். சைக்கிளின் பாரம் குழாயில் இறங்கும் அளவுக்கு அதன் நீளத்தை அளந்து அறுத்துக்கொள்.

முட்டு இல்லாமல் அடித்தால் அடி பின்னுக்குப் போகாது. கிராங்க் சற்றே துள்ளி, அந்த அதிர்ச்சி அச்சு வழியாகப் பால்ரஸ் குண்டுகளுக்குப் போய், அவை கப்பில் பள்ளம் பதித்துவிடும். பிறகு புதுப் பின் போட்டாலும் பெடல் கரகரவென்றுதான் சுற்றும். பத்து நிமிடம் செலவழித்து ஒரு குழாய்த் துண்டு தேடாததற்கு, கப்பு, அச்சு, குண்டுகள் எல்லாவற்றையும் மாற்ற நேரும்.

நட்டை முழுதாக எடுத்துவிடாதே. பின்னின் நுனியும் நட்டின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் வரும்வரை தளர்த்தி நிறுத்து. மரை நசுங்காமல் அது காக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். ஒரு கிலோ சுத்தியலால், நேராக, ஓங்கி ஒரே அடி. தட்டித் தட்டிப் பார்ப்பதால் பின்னின் நுனி குடைக்காளானாக விரிந்து, துளைக்குள் இன்னும் இறுகும். இரண்டு மூன்று நல்ல அடியிலும் அசையவில்லையென்றால், எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெடலையும் கழற்றி வைத்து, கிராங்கின் அந்தப் பகுதியைச் சூடாக்கலாம். இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்யட்டும். நுனி வளைந்தே போயிருந்தால் அதை அறுத்துவிட்டு, பின்னின் நடுவில் துளையிட வேண்டும். உட்புறம் குடைந்ததும் இறுக்கம் விட்டுப்போகும். பஞ்ச் வைத்துத் தட்டினால் விழும்.

உன் நண்பர்கள் வைத்திருக்கும் கியர் சைக்கிள்களில் இந்தப் பின்னைத் தேடாதே. பல மாடல்களில் அச்சின் முனை சதுரமாகவும், நுனி நோக்கிச் சரிவாகவும் இருக்கும். 1930களிலேயே பிரான்சின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் இம்மாதிரி கிராங்கை விற்றது. இங்கே சுத்தியலுக்கு இடமே இல்லை. கிராங்க் புல்லர் என்ற கருவி வேண்டும். முதலில் 14 மி.மீ. ஸ்பேனரால் போல்ட்டையும் அதனடியில் உள்ள வாஷரையும் எடு. வாஷர் உள்ளேயே தங்கிவிட்டால் புல்லர் அதில் முட்டி நின்றுவிடும். பிறகு புல்லரைக் கிராங்கின் மரையில் கடைசிச் சுற்றுவரை ஏற்று. இரண்டு சுற்று மட்டும் ஏற்றிவிட்டுத் தண்டை முறுக்கினால், அலுமினிய மரை சுருள் சுருளாகப் பெயர்ந்து வந்துவிடும். அப்படியும் கிராங்க் பிடிவாதம் பிடித்தால் அதன் மேல் கொதிநீர் ஊற்று. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அந்த இடைவெளி போதும்.

பழைய பின்னைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. பருமனும் சரிவும் அதற்குப் பொருந்த வேண்டும். பொருத்தும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெடல் சாய்ந்து நிற்கும். முட்டு வைத்தே அடித்து இறக்கி நட்டை இறுக்கு. பள்ளிக்கு ஒருநாள் போய் வந்ததும், மறுபடி ஒரு தட்டு தட்டி இறுக்கிவிடு. முதல் ஓட்டத்தில் பின் இன்னும் சிறிது அழுந்தி உட்காருவதால் நட் தளர்ந்திருக்கும்.

அன்புடன்,
மாமா