ஷிப்ட் முடிந்ததும் ஒரு போர்டு
வடசென்னை கேரம் கிளப்பில் புதிதாகச் சேர்பவருக்கு

எண்ணூரில் வேலை, திருவொற்றியூரில் ரூம், வாரத்துக்கு ஒரு ஷிப்ட். ஊருக்குப் புதியவர் என்றால் வேலை முடிந்து வந்து பேச ஆள் கிடையாது. ரூம்மேட் எப்போதும் எதிர் ஷிப்ட்டில் இருப்பார். இதற்கு வடசென்னையில் ஒரு பழைய வைத்தியம் உண்டு: தெருமுனை கேரம் கிளப். ராயபுரம், காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஷீட் போட்ட ஒரு சின்ன அறை, ஒன்றோ இரண்டோ போர்டு, மேலே தொங்கும் பல்பு, சுற்றி நின்று பார்க்கும் கூட்டம் என ஒன்று கண்ணில் படும்.

உள்ளே போகத்தான் பலருக்கும் தயக்கம். 2018-ல் வந்த 'வடசென்னை' படத்தில் கேரம் ஆடும் அன்புவை மனத்தில் வைத்துக்கொண்டு, கேரம் கிளப் என்றாலே வம்பு பிடித்த இடம் என்று ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள்: ஹார்பர் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், ரிட்டயரான ஃபோர்மேன், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். இந்தப் போர்டுகளிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது.

நீங்கள் உலகக் கோப்பைக்குப் போக வேண்டாம். வாரத்துக்கு நான்கு மாலை நன்றாகக் கழிந்தால் போதும். அதற்கு ஒரே வழி: முதல் மாதம் ஜெயிப்பதை மறந்துவிட்டு, அந்தப் போர்டுக்கு வேண்டிய ஆளாகுங்கள்.

எந்த கிளப்?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதா, வேலைக்குப் பக்கத்தில் இருப்பதா என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே மேல். ஏ ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, டீ குடித்துவிட்டு நடந்தே போகும் தூரம் என்றால்தான் பழக்கம் நிற்கும். பஸ் ஏறிப் போக வேண்டிய கிளப் மழைக்காலம் வந்ததும் விட்டுப்போகும்.

சேருவதற்கு முன் இரண்டு மாலை சும்மா போய் நின்று பாருங்கள். மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, காசு வைத்து ஆடுகிறார்களா? டீக்குப் பந்தயம் கட்டுவது வேறு. ஒரு போர்டுக்கு இத்தனை ரூபாய் என்று கை மாறினால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். போலீஸ் வந்தால் உங்கள் பெயரும் சேரும், உங்கள் வேலையும் சேர்ந்து ஆடும். இரண்டு, சின்னப் பசங்களுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்களா? சொல்லிக்கொடுக்கும் கிளப்பில் புதியவருக்கும் இடம் இருக்கும். மூன்று, பெண்கள் ஆடுகிறார்களா? பெண்கள் வந்துபோகும் கிளப்பில் பேச்சும் ஒழுங்காக இருக்கும், நேரத்துக்குக் கதவும் பூட்டுவார்கள். பெண்கள் சேர விரும்பினால், பயிற்சி நேரம் தனியாக உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மாதச் சந்தா என்ன, யாரிடம் கட்டுவது, பவுடரும் கரன்ட் பில்லும் அதற்குள் வருமா என்பதையும் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாதக் கடைசியில் கட்டாமல் நழுவினால்தான் முகம் சுளிப்பார்கள்.

முதல் நாள்

உள்ளே போனதும் "நான் நல்லா ஆடுவேன்" என்று சொல்லாதீர்கள். "அண்ணா, பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், ஆட வரலாமா?" போதும். பெரும்பாலான கிளப்பில் தோற்றவர் எழுந்துகொள்ள, அடுத்து நிற்பவர் உட்காருவார். யாருக்குப் பின்னால் நீங்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். வரிசை தாண்டி உட்கார்ந்தவரை இந்த ஊர் சீக்கிரம் மறக்காது.

காத்திருக்கும் நேரத்தில் வேலை செய்யுங்கள். ஸ்கோர் எழுதலாம், பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுக்கலாம், காய் அடுக்கலாம். காய் அடுக்குவது சின்ன வேலைதான், ஆனால் ஆளை எடைபோடுவது அங்கேதான். நடுவில் ரெட். அதைச் சுற்றி ஆறு காய், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. அதற்கு வெளியே பன்னிரண்டு. வெள்ளைக் காய்கள் நடுவிலிருந்து மூன்று கிளையாகப் பிரிந்து நிற்க வேண்டும். இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து இறுக்கினால் இடைவெளி தெரியக் கூடாது. காய் தளர்ந்திருந்தால் பிரேக் அடி வீணாகும், எதிரில் இருப்பவர் உங்களைத்தான் பார்ப்பார்.

ஆடிக்கொண்டிருக்கும்போது பேசக் கூடாதது ஒன்றுதான்: "அந்தக் காயை அடி." பார்வையாளர் யோசனை சொல்வதை எந்த கிளப்பும் பொறுக்காது. யோசனை எல்லாம் போர்டு முடிந்த பிறகு, டீக்கடையில்.

வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது

வீட்டில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50 என்று எண்ணி ஆடியிருப்பீர்கள். கிளப்பில் ஆளுக்கு ஒரு நிறம். பிரேக் அடிப்பவருக்கு வெள்ளை. தன் ஒன்பது காயையும் முதலில் போட்டவர் ஜெயித்தவர். எதிராளியின் காய் எத்தனை போர்டில் மிச்சமோ அத்தனை பாயின்ட். ரெட்டைப் போட்டு, அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றை ஃபாலோ போட்டிருந்தால் இன்னும் மூன்று. 25 பாயின்ட் எடுப்பது வரை, அல்லது எட்டு போர்டு முடிவது வரை ஒரு கேம். 22 பாயின்ட் தொட்டவருக்கு அதன்பின் ரெட்டுக்குப் பாயின்ட் கிடையாது. மூன்று கேமில் இரண்டு எடுத்தவருக்கு மேட்ச். சில கிளப்பில் ரெட்டுக்கு ஐந்து என்று வைத்திருப்பார்கள். உட்காருவதற்கு முன் கேட்டுக்கொண்டால் சண்டை இல்லை.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டு நிற்க வேண்டும். கோட்டின் முனையில் உள்ள வட்டத்தில் வைத்தால் முழுதாக மூட வேண்டும். பாதி தொட்டால் ஃபவுல். நாற்காலியை நகர்த்துவது, எழுந்து நின்று அடிப்பது, உடம்பை மூலை அம்புக்கோட்டின் அந்தப் பக்கம் வளைப்பது எல்லாம் வீட்டில் நடக்கும், இங்கே நடக்காது. ஓர் அடிக்கு 15 விநாடிதான். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் போட்ட காய் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும். கட்டைவிரலால் பின்பக்கம் அடிப்பதை, அதாவது தம்பிங்கை, வீட்டில் திருட்டு ஆட்டம் என்று திட்டியிருப்பார்கள். சர்வதேச விதியில் அது ஏற்கப்பட்ட அடி. எதிராளி தம்பிங் அடித்தால் கத்தாமல், கற்றுக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது, எதைப் பழகுவது

உங்களுக்குச் சொந்தமாக வேண்டியது ஒரு ஸ்ட்ரைக்கர் மட்டும். குறுக்களவு 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. இதற்குள் இருப்பதில் உங்கள் விரலுக்கு எது ஒத்துவருகிறதோ அது. விலை உயர்ந்ததைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் வாங்கியதை மாற்றாதீர்கள். எடை மாறினால் கை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். அடுத்தவர் ஸ்ட்ரைக்கரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

முதல் மாதம் மூன்று அடி போதும்: நேர் அடி, கட், கட்டையில் பட்டுத் திரும்பி வரும் டபுள். கூட்டம் சேர்வதற்கு அரை மணி முன்னால் போனால் போர்டு காலியாக இருக்கும். ஒரே இடத்தில் ஒரு காயை வைத்து, அது தொடர்ந்து பத்து தடவை விழும் வரை அடியுங்கள். பெரும்பாலான புதியவர்கள் பலத்தைத்தான் நம்புகிறார்கள். பாக்கெட்டின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் விட்டம் ஏறக்குறைய 3.1. வேகமாக வந்த காய் ஓரத்தில் பட்டால் வெளியே துள்ளிவிடும். மெதுவாக வந்தது அதே ஓரத்தில் பட்டாலும் உள்ளே சரியும். கை உள்ளங்கையோடு அசையாமல் இருக்க, விரல் மட்டும் தள்ள வேண்டும்.

கடலோரத்துக்கு ஒரு பாடம் தனியாக உண்டு. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் போர்டு இழுக்கும். நேற்று பாக்கெட் வரை போன அதே அடி இன்று பாதியில் நிற்கும். உட்கார்ந்ததும் வெறும் ஸ்ட்ரைக்கரை எதிர்க்கட்டைக்கு அனுப்பி, எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். அதை வைத்து அன்றைய பலத்தை முடிவு செய்யுங்கள். பவுடரை அள்ளிக் கொட்டுவது தீர்வாகாது. உலர்ந்த துணியால் துடைத்து, துளியாகத் தூவுவதே சரி.

எதிரில் சூப்பர்வைசர்

கம்பெனி ரெக்ரியேஷன் கிளப்பிலும், சில சமயம் தெரு கிளப்பிலும், உங்களுக்கு எதிரில் உங்கள் சூப்பர்வைசரோ ஷிப்ட் இன்சார்ஜோ உட்காரலாம். அவருக்காகத் தோற்காதீர்கள். நன்றாக ஆடுகிறவருக்கு அது உடனே தெரியும்; தெரிந்தபின் மதிப்பு குறையும். ஜெயித்தால் அதை மறுநாள் கேன்டீனில் விளம்பரமும் செய்யாதீர்கள்.

லீவு, ஓவர்டைம், கான்ட்ராக்ட்டை பெர்மனன்ட் ஆக்குவது ஆகிய எதையும் போர்டில் எடுக்க வேண்டாம். அங்கே பழகுவதால் உங்களைப் பற்றி நாலு பேருக்கு ஒரு அபிப்பிராயம் உருவாகும். வேறு ஷாப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி அப்படித்தான் காதுக்கு வரும். கேட்டு வாங்க நினைத்தால் வராது. இரட்டையர் ஆட்டத்தில் பார்ட்னர் தவறினால் உங்கள் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். "பரவாயில்ல, அடுத்தது பாத்துக்கலாம்" என்று சொல்லத் தெரிந்தவரை அடுத்த வாரமும் ஜோடிக்குக் கூப்பிடுவார்கள்.

சி ஷிப்ட்டுக்கு முன் நீண்ட ஆட்டம் வேண்டாம். ஒரு கேம் என்று உட்கார்ந்து மூன்று ஆனால், இரவு மெஷினுக்கு முன்னால் கண் சொக்கும். சி ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்த மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஆடி, மணி பார்த்து எழுந்துவிடுங்கள்.

ஆட்டம் வேலை வாங்கித் தருமா?

தரும், ஆனால் மிகச் சிலருக்கு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரம் உண்டு. சர்வதேசப் போட்டியில் நாட்டுக்காக ஆடியவர்களுக்கு முதல் முன்னுரிமை; அடுத்து தேசியப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள். பொதுத்துறை நிறுவனங்களும் கேரம் ஆட்டக்காரர்களை எடுத்திருக்கின்றன: உலக சாம்பியன்கள் ரஷ்மி குமாரி ஓஎன்ஜிசியிலும், அபூர்வா எல்ஐசியிலும் பணிபுரிந்தபடியே ஆடினார்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; எந்தப் போட்டி, எந்த இடம் தகுதி என்பதை நடப்பு அரசாணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் தெருவில் சுற்றும் கோப்பை உதவாது. கிளப் மாவட்டச் சங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; அதன் வழியாக மாநிலப் போட்டி, அதிலிருந்து தேசியம். ஒவ்வொரு போட்டிக்கும் சான்றிதழை அன்றே வாங்கி, பெயரும் இனிஷியலும் மார்க்‌ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு முறை உலக சாம்பியனான சென்னைக்காரர் மரிய இருதயத்துக்கு 1996-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. கேரம் கனவு காண்கிறவர்களுக்கு அது உச்சம். உங்களுக்கு முப்பது தாண்டிவிட்டது, வேலையும் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியை உங்கள் பிள்ளைக்காகப் படித்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே கிளப்புக்குக் கூட்டிப்போனால் மாவட்டம், மாநிலம் என்று ஏற அதற்குக் காலம் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

திங்கள், செவ்வாய்: பக்கத்தில் உள்ள கிளப்பில் நின்று பாருங்கள், காசு ஆட்டமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புதன்: சந்தா, நேரம், ரெட்டுக்கு எத்தனை என்று கேளுங்கள். ஸ்ட்ரைக்கர் வாங்குங்கள்.

வியாழன்: அரை மணி முன்னால் போய் நேர் அடி மட்டும் பழகுங்கள்.

வெள்ளி: ஸ்கோர் எழுதுங்கள், காய் அடுக்குங்கள்.

சனி: உங்கள் முறை வந்ததும் உட்காருங்கள். தோற்றால் எதிராளியிடம், எங்கே விட்டேன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு கேள்வி கேட்டால் அடுத்தவர் ஆட்டம் தாமதமாகும்.