திருப்போரூர்: வானத்தில் நடந்த போரும் எங்கள் வீட்டு மூன்று நாள் டூரும்

ஓம் சரவணபவ.

இந்த வாரப் பாடம் ஆணவ மலம். "ஆணவம்னா திமிர், அவ்வளவுதானே"ன்னு ரொம்ப நாளா நானும் நினைச்சிட்டிருந்தேன். போன மாசம் குடும்பத்தோட மாமல்லபுரம் போன மூணு நாள்ல, அது அவ்வளவு சுலபமா கண்ணுல படற விஷயம் இல்லன்னு புரிஞ்சுது. அதனால பாடத்தையும் நடந்ததையும் சேர்த்தே எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

டூர் ஆரம்பம்

குடியரசு தின லீவு திங்கட்கிழமை வந்துச்சு. சனி, ஞாயிறு, திங்கள்னு மூணு நாள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை குடும்பம், நாங்க, தூத்துக்குடியில இருந்து வந்த ஆச்சி எல்லாம் சேர்த்து பதினேழு பேர். மாமல்லபுரத்துல கடற்கரையை ஒட்டி ஒரு ரிசார்ட். புக் பண்ணது நான். முக்கால்வாசிப் பணம் கட்டினதும் நான். எத்தனை மணிக்கு எங்க போறோம், எங்க சாப்பிடறோம்னு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு ஃபேமிலி குரூப்ல அனுப்பியிருந்தேன்.

கடலைப் பார்த்த ரூம் மூணுதான் கிடைச்சுது. அப்பா அம்மாவுக்கு ஒண்ணு, அத்தை வீட்டுக்கு ஒண்ணு, எனக்கும் தம்பிகளுக்கும் ஒண்ணு. வீட்டுக்கே மூத்தவரான பெரியப்பாவுக்குக் கார் நிறுத்துற பக்கம் பார்த்த ரூம். ஆச்சி தங்கினதும் அவரோடதான். "எனக்கு எந்த ரூமா இருந்தா என்னப்பா"ன்னு பெரியப்பா சொன்னார். ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிட வரல, தலைவலின்னு சொல்லிட்டார். நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

ஞாயிறு காலையில டிபன் சாப்பிடும்போது ஆச்சி கேட்டாங்க: "ஏய்யா, திருப்போரூர் இங்க பக்கந்தானாம்லா? ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமா?"

பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும். அரை மணி நேரம் கூட ஆகாது. ஆனா ஷீட்ல அது இல்ல. நான் சொன்னேன்: "ஆச்சி, கோயிலுக்குப் போறதுக்கா நான் இவ்வளவு செலவு பண்ணி எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்? திருச்செந்தூர் உங்களுக்குப் பக்கத்துலதானே இருக்கு, அங்க போய்க்கலாம்ல?"

ஆச்சி "சரிய்யா"ன்னு மட்டும் சொன்னாங்க. மேஜையில யாரும் அப்புறம் பேசல. நான் சொன்னது நியாயம்னுதான் எனக்கு அப்பவும் தோணுச்சு. தினமும் முருகன் ஸ்டேட்டஸ் வைக்கிறவன், பக்கத்துல இருக்கிற முருகன் கோயிலுக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேனேங்கிறது கூட உறைக்கல.

இங்க கதையை நிறுத்திட்டுப் பாடத்துக்கு வர்றேன்.

மூன்று போர்க்களங்கள்

முருகப்பெருமான் அசுரர்களோட போர் செய்த இடங்கள்ல மூணை நம்ம பெரியவங்க சேர்த்துச் சொல்வாங்க. திருச்செந்தூரில் கடலில் போர்: அங்கே மாயையை அடக்கினார். திருப்பரங்குன்றத்தில் நிலத்தில் போர்: அங்கே கன்மத்தை அடக்கினார். திருப்போரூரில் வானத்தில் போர்: அங்கே ஆணவத்தை அடக்கினார். போர் நடந்த ஊர் என்பதால்தான் போரூர். சமராபுரி, யுத்தபுரின்னும் பேர் உண்டு.

ஒரு சந்தேகம் வரலாம். சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று வேற மாதிரியும் படிச்சிருப்பீங்க. அது ஆளை வைத்துச் சொல்லும் மரபு. இது இடத்தை வைத்துச் சொல்லும் மரபு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். ரெண்டும் சொல்ல வருவது ஒண்ணுதான்: உயிரைக் கட்டி வெச்சிருக்கிற மூணு மலத்தையும் அடக்குறவன் வேலவன்.

ஆணவம் என்றால் என்ன?

சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்குச் செம்பில் இருக்கும் களிம்பை உவமையா சொல்வாங்க. களிம்பு வெளியில இருந்து வந்து ஒட்டின அழுக்கு இல்ல. செம்பு இருக்கும்போதே கூட இருக்கு. அதே மாதிரி ஆணவம் உயிரோட தொன்றுதொட்டே இருக்கு. பணம், பதவி, படிப்பு வந்த பிறகு புதுசா முளைக்கிறது இல்ல. அதெல்லாம் அது வெளியே தெரியறதுக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயன்ல இன்னொரு விளக்கம் தர்றார். இருட்டு மத்த எந்தப் பொருளையும் காட்டாது. ஆனா "இங்க இருட்டு இருக்கு"ன்னு தன்னையாவது காட்டிடும். ஆணவம் அதையும் செய்யாது. மத்ததையும் மறைக்கும், தன்னையும் மறைச்சுக்கும்.

எங்க ஃபீல்டுல சொல்லணும்னா, சாதாரண பக் வந்தா லாக்ல எரர் விழும், தேடிப் பிடிச்சிடலாம். லாக் எழுதுற கோடிலேயே பக் இருந்தா? எல்லாம் சரியா ஓடுற மாதிரியே தெரியும். டிபன் மேஜையில நான் அப்படித்தான் இருந்தேன். என் பக்கம் ஒரு எரர் கூட இல்ல.

ஆணவத்தோட போர் ஏன் வானத்தில்? இது என் மனசுல பட்டது: நிலத்துல காலை ஊன்றி நிற்கலாம், கடல்ல அலையாவது கண்ணுக்குத் தெரியும். வானத்துல பிடிக்க எதுவும் இல்ல. எதிரி எந்தப் பக்கம் இருக்கான்னே தெரியாத இடம். ஆணவமும் அப்படித்தான். அதை நம்ம பலத்தால மட்டும் தேடிப் பிடிக்க முடியாது, அவன் காட்டினாத்தான் உண்டு.

கடற்கரைக் கோயிலில் ஒரு குடும்பம்

ஷீட்படி அன்னைக்குக் காலையில கடற்கரைக் கோயில். இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது ராஜசிம்மன் காலத்துக் கட்டடம். கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் சிற்பம் இருக்கு. ச + உமா + ஸ்கந்தர், அதாவது உமையோடும் கந்தனோடும் இருக்கும் சிவன். அப்பா, அம்மா, நடுவுல குட்டி முருகன்.

அதே கோயில்ல ரெண்டு சிவன் சன்னிதிக்கும் இடையில திருமால் பள்ளிகொண்ட கோலத்துல இருக்கார். சித்தப்பா பொண்ணு, பத்தாவது படிக்கிறவ, சிரிச்சுக்கிட்டே சொன்னா: "அப்பா, அம்மா, பிள்ளை, தாய்மாமன். இவங்களும் ஃபேமிலியா பீச்சுக்கு வந்திருக்காங்க போல."

எல்லாரும் சிரிச்சாங்க. பெரியப்பாவும் ஆச்சியும் மட்டும் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்துட்டு நின்னுட்டிருந்தாங்க. ரூம்ல இருந்து கடல் தெரியாதவங்க அவங்க ரெண்டு பேரும்தான்னு அப்பதான் எனக்குப் பட்டுச்சு.

மணலுக்குள் இருந்த முருகன்

சாயங்காலம் புலிக்குகை, ஃபோட்டோ எடுக்கறதுக்கு. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஈ.சி.ஆர்ல சாளுவன்குப்பத்துல இருக்கு. பக்கத்துல இன்னொரு இடம் இருக்கறது என் ஷீட்ல இல்ல, எனக்கே தெரியாது.

2004 டிசம்பர் சுனாமி வந்து போன பிறகு, இந்தப் பகுதியில மணல் அரிச்சு, கல்வெட்டோட ஒரு பாறை வெளியே தெரிஞ்சுது. 2005-ல தொல்லியல் துறை தோண்டினப்போ ஒரு முருகன் கோயிலோட அடித்தளம் கிடைச்சுது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானம். அதுக்கும் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த கோயில். முன்னாடி கல்லுல செஞ்ச ஒரு வேல். அது சங்க காலத்தை ஒட்டிய கோயில்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. குறிஞ்சி நிலத்துக் கடவுள்னு நாம பாடத்துல படிச்ச முருகனுக்கு, நெய்தல் மணல்ல இவ்வளவு பழைய கோயில்.

இப்ப அங்க பூஜை கிடையாது. கூரையும் கிடையாது. பெரியப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு ஆச்சி மணல்ல மெதுவா நடந்து வந்தாங்க. அந்தக் கல் வேலைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, அப்படியே நின்னாங்க.

"நாம போகலன்னதும் அவனே வந்து நிக்கான் பாரு" - பெரியப்பாகிட்டத்தான் சொன்னாங்க. குத்திக்காட்டுற மாதிரி எல்லாம் இல்ல, நிஜமான சந்தோஷத்துல சொன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

அன்னைக்கு ராத்திரி என் பையை எடுத்துட்டுக் கார் நிறுத்துற பக்கம் இருந்த ரூமுக்குப் போனேன். "பெரியப்பா, நீங்களும் ஆச்சியும் பெரியம்மாவும் அந்த ரூமுக்குப் போங்க. முதல்லயே நான் அப்படிப் போட்டிருக்கணும்"னு சொன்னேன். "இன்னும் ஒரு ராத்திரிக்கு எதுக்குப்பா"ன்னார். ஆனா போனார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா, பால்கனியில ஆச்சிக்குப் போர்வை போத்திவிட்டு, ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்க.

திருப்போரூரில்

திங்கள் காலையில பதினேழு பேரும் திருப்போரூர் போனோம். நான் வேலைக்குப் போற அதே ஓ.எம்.ஆர் ரோடுதான், சிறுசேரியைத் தாண்டி நேரா போனா இந்த ஊர் வரும். இத்தனை வருஷம் தாண்டிப் போகவே இல்ல.

இங்க மூலவர் கந்தசாமி, பனைமரத்துல உருவான சுயம்பு மூர்த்தி. அதனால மூலவருக்கு அபிஷேகம் இல்ல, புனுகு சாத்துறாங்க. அபிஷேகம் யந்திரத்துக்கு நடக்குது. மதுரையில இருந்து வந்த சிதம்பர சுவாமிகள், 17-ஆம் நூற்றாண்டுல, பனங்காட்டுக்குள்ள மறைஞ்சிருந்த மூர்த்தியைக் கண்டெடுத்து இந்தக் கோயிலை எழுப்பினார்னு தல வரலாறு சொல்லுது. அவர் பாடின திருப்போரூர்ச் சன்னிதிமுறையில 726 பாடல்கள். அருணகிரிநாதரும் இந்தத் தலத்துக்குத் திருப்புகழ் பாடியிருக்கார். பக்கத்துல பிரணவ மலை. சிதம்பர சுவாமிகளோட மடம் கண்ணகப்பட்டுல. வைகாசி விசாகத்துல அவர் முருகனோட கலந்ததா சொல்வாங்க.

ஒரு மூர்த்தி மணலுக்குள்ள, ஒரு மூர்த்தி பனங்காட்டுக்குள்ள. ரெண்டும் எங்கேயும் போகல, மறைஞ்சிருந்தது, அவ்வளவுதான். ஆணவம் மறைக்கிறதும் அப்படித்தான். ஆச்சி ஆசையா கேட்டது என் காதுல விழுந்துச்சு, ஆனா அந்த ஆசை எனக்குத் தெரியல. நடுவுல "நான்" நின்னுட்டேன்.

தரிசனம் முடிஞ்சு குளத்துப் படியில உட்கார்ந்திருந்தப்போ, "ஆச்சி, நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது"ன்னேன்.

"நீ செலவழிச்சேன்னதுல தப்பே இல்லய்யா. செலவழிச்சவன் நீதானே. நான் நான்னுதான் கொஞ்சம் சத்தமா கேட்டுச்சு"ன்னாங்க. அப்புறம் "பசிக்குது, இட்லி எங்க கிடைக்கும்னு உன் சீட்டுல பாரு"ன்னாங்க.

நாம் செய்ய வேண்டியது

ஒண்ணை நல்லா நினைவுல வெச்சுக்கோங்க. சித்தாந்தப்படி ஆணவம் அழியாது, அதோட சக்தி அடங்கும். அதனாலதான் முருகன் ஆணவத்தை "அடக்கினார்"னு சொல்றோம். ஒரே டூர்ல நான் திருந்திட்டேன்னு சொன்னா, அதுவும் அதே ஆணவம்தான். சூரபத்மனும் அழியல, வேல் பட்டு மயிலா, சேவலா ஆகி அவன்கிட்டயே இருக்கான். அதனால நாமளும் தினமும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். நான் இப்ப பழகிட்டு வர்ற மூணு விஷயம்:

1. குடும்பமா எங்க போனாலும், ப்ளான் போடறதுக்கு முன்னாடி வீட்டுல மூத்தவங்களைக் கேளுங்க. அவங்க சொல்ற இடம்தான் ஷீட்ல முதல் வரி.

2. "நான் பண்ணேன், நான் கட்டினேன்"னு வாய் வரைக்கும் வந்துச்சுன்னா, மனசுக்குள்ள ஒரு தடவை "சரவணபவ" சொல்லிட்டு அப்புறம் பேசுங்க. பாதி வார்த்தை தானா உதிர்ந்துடும்.

3. நாம பேசின பிறகு ஒரு இடம் திடீர்னு அமைதியாச்சுன்னா, அதுதான் நமக்கு எரர் மெசேஜ். "என்ன ஆச்சு"ன்னு அவங்களைக் கேட்கறதுக்கு முன்னாடி, "நான் என்ன சொன்னேன்"னு நம்மையே கேட்டுக்கணும்.

சென்னையில இருக்கிறவங்க அடுத்த லீவுக்கு மாமல்லபுரம் போனா, சாளுவன்குப்பத்துக் கல் வேலையும் திருப்போரூர் கந்தசாமியையும் பார்க்காம வராதீங்க. வீட்டுல ஆச்சி, பாட்டி, தாத்தா இருந்தா கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குக் கடல் தெரியற ரூமா போடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!