கொல்கத்தாவில் உளவியலாளரைத் தேடுகிறீர்களா?

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவரோ, வேலைக்காக சால்ட் லேக் வந்தவரோ, உளவியலாளரிடம் போகுமுன் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு மேற்கு வங்க அரசு உரிமம் தருவதில்லை. பதிவு நடப்பது டெல்லியில், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில்.

முதல் போனிலேயே "சி.ஆர்.ஆர். நம்பர் என்ன?" என்று, அதாவது கவுன்சிலின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணை, கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டாம், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். எந்தப் பிரிவில் பதிவு என்பதை அவசியம் பாருங்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். பதிவு காலாவதியாகி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள் என்பது வேறு விஷயம்!

'கவுன்சலர்' என்று மட்டும் போட்டுக்கொள்பவர் பலருக்கு இந்த எண் இருக்காது. அதனாலேயே அவர் போலி என்று ஆகிவிடாது. எங்கே முதுகலை படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று விசாரியுங்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மற்ற உளவியலாளர்களையும் மாநில கவுன்சிலில் பதியவைக்க வழி செய்கிறது.

உளவியலாளர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மருந்துக்கு மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வங்காள மொழி பேச வராதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸை அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.