வாடிக்கையாளர் காரில் கீறல் விழுந்தால் வேலட் டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் காண்ட்ராக்டர் மூலம் இரண்டு வருடமாக வேலட் பார்க்கிங் டிரைவராக இருக்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். ஒரு முகூர்த்த நாள் இரவு, பேஸ்மென்ட்டில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் உரசிப் பின்கதவு நசுங்கிவிட்டது. ஷோரூம் பில் 38,000 என்று சொல்லி, இரண்டு மாதமாகச் சம்பளத்தில் மாதம் 5,000 ரூபாய் பிடிக்கிறார்கள். கேட்டால் போலீசில் கொடுத்துவிடுவேன் என்கிறார் காண்ட்ராக்டர். சேரும்போதே ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். டோக்கனில் ‘உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு’ என்று அச்சிட்டிருக்கிறதே, அது என்னைக் காப்பாற்றாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, முதலில் போலீஸ் பயத்தை விடுங்கள். நம்பிக்கை மோசடி என்றால் நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம் என்றால், வேண்டுமென்றோ விளைவு தெரிந்தோ செய்திருக்க வேண்டும். யாருக்கும் அடிபடாமல், கை தவறித் தூணில் உரசியது இந்த இரண்டிலும் சேராது. வாடிக்கையாளரின் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருந்தால் கதை வேறு. நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

அடுத்து டோக்கன். அந்த வரி ஹோட்டலையே காப்பாற்றாது. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998 ஆகஸ்டில் ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வேலட்டிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறொரு காரில் வந்த இளைஞர்கள் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார்கள். அங்கேயும் டோக்கனில் ‘சொந்தப் பொறுப்பு’ வாசகம் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு கார் ஹோட்டலின் பாதுகாப்பில் இருக்கிறது, தன் பக்கத்து அலட்சியத்தை டோக்கன் வாசகத்தால் மறைக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆக, காரின் சொந்தக்காரருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது ஹோட்டல்தான். அவர் உங்கள் மீதும் சிவில் வழக்குப் போடச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இழப்பீடு தரும் வசதியுள்ள ஹோட்டலை விட்டுவிட்டு 16,000 ரூபாய் சம்பளக்காரரைத் தேடி யாரும் வருவதில்லை.

இப்போது சம்பளப் பிடித்தம். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த விதிதான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. உங்களை நம்பி ஒப்படைத்த பொருள் உங்கள் கவனக்குறைவால் நேரடியாகச் சேதமானால் பிடிக்கலாம். இதை மறைக்க மாட்டேன். போன் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். ஆனால் பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பிடித்திருந்தால், இதுவரை பிடித்த 10,000 ரூபாயும் சட்டவிரோதப் பிடித்தம். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பலரும் இதைக் கேட்பதே இல்லை. அந்த 38,000 ரூபாயை யார் கட்டினார்கள்? முதலாளிக்கு உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூட உங்களிடம் பிடிக்க முடியாது. கார்க்காரர் தன் இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் செய்திருக்கலாம். ஹோட்டல் கட்டியிருக்கலாம். காண்ட்ராக்டர் கையிலிருந்து பணமே போகாமல் இருக்கலாம். அப்படியானால் அவர் பிடிப்பது நஷ்டஈடு அல்ல, உங்கள் உழைப்பின் பணம். ஷோரூம் பில்லின் நகலையும், அவர் பணம் கட்டிய ரசீதையும் எழுத்துமூலம் கேளுங்கள்.

அதே கடிதத்தில் அன்றிரவு நடந்ததை எழுதுங்கள்: எத்தனை மணி, டோக்கன் எண், எத்தனை கார்களுக்கு எத்தனை பேர் இருந்தீர்கள், அந்தத் தூண் பக்கம் விளக்கு எரிந்ததா, ஆட்டோமேட்டிக் ஓட்ட யாராவது பழக்கினார்களா. சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். நான்கு பேர் வேலையை இரண்டு பேரிடம் வாங்கிவிட்டு, உரசல் விழுந்தால் மட்டும் டிரைவரின் தலையில் கட்டுவது அநியாயம் என்பது என் கருத்து. தொழிலாளர் துறை அதிகாரி முன்னாலும் இதைச் சொல்லலாம்.

லைசென்ஸை ஈடாக வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் காண்ட்ராக்டருக்கு உரிமை தரவில்லை. திருப்பித் தரும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். அதுவரை டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸே போலீஸ் சோதனைக்குப் போதும். வெற்றுத்தாள்தான் எனக்குக் கவலை தருகிறது. அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒட்டியிருந்தால் அதைப் புரோநோட்டாக நிரப்ப முடியும். கடன் எதுவும் வாங்கவில்லை, வேலையில் சேரும்போது வாங்கிய கையெழுத்து அது என்று தேதியோடு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் அந்த ரசீது உங்களுக்குக் கைகொடுக்கும்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் மனு எந்த அதிகாரியிடம் போக வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். காண்ட்ராக்டரோடு ஹோட்டலையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். சம்பளப் பாக்கி எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பிடித்த பணத்தோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதுவரை வேலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். அவர்கள் நீட்டும் வேறு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, இது எல்லா வேலட் தம்பிகளுக்கும்: சாவி வாங்கியதும் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பழைய கீறல் இருந்தால் சொந்தக்காரர் கண் முன்னாலேயே டோக்கனில் குறியுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். உங்கள் வருமானத்துக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.